புது டயர் போட்டும் ஒரு பக்கமே தேய்கிறதா? காரணம் வேறு இடத்தில் இருக்கலாம்!

வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைத் திருப்பிப் பாருங்கள். ஒருவருடையதில் குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருக்கும். இன்னொருவருடையதில் முன்பாதம் மட்டும் வழவழவென்று ஆகியிருக்கும். அடுத்த ஜோடி வாங்கினாலும் அதே இடத்தில்தான் தேயும். தேய்வது என்னவோ செருப்பு. ஆனால் காரணம், நடை.

கார் டயரும் அப்படித்தான். நான்கு டயர்களும் சீராகத் தேய்ந்தால் அது இயல்பு. ஒரு டயர் உள்பக்கம் மட்டும், இன்னொன்று நடுவில் மட்டும், மற்றொன்று திட்டுத் திட்டாகத் தேய்ந்தால், காரின் ‘நடை’யில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காமல் டயரை மட்டும் மாற்றினால், புது டயரும் அதே வழியில்தான் போகும்.

இங்கேதான் பலருக்கும் பணம் வீணாகிறது. ‘முன்பக்கம் ரெண்டும் போச்சு சார், மாத்திடுங்க’ என்று கடையில் சொல்வார்கள். நாமும் மாற்றிவிடுவோம். கூடவே ஒரு வீல் அலைன்மென்ட். ஆறே மாதத்தில் மறுபடியும் அதே ஓரம் தேய ஆரம்பிக்கும். ‘டயர் கம்பெனி சரியில்லை’ என்று பழியை அங்கே போட்டுவிடுவோம். உண்மையான குற்றவாளி சில நூறு ரூபாய் காற்றழுத்தக் கருவி இல்லாததாகவோ, தேய்ந்துபோன ஒரு சிறிய ரப்பர் புஷ்ஷாகவோ இருக்கலாம்.

உள்ளங்கை அளவு ரப்பர்தான் உயிர்

ஒரு டன் எடையுள்ள கார் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது, மழையில் வழுக்காமல் நிற்பது எல்லாமே இந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியில்தான் இருக்கின்றன.

டயரில் இருக்கும் பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. மழைக்காலத்தில் சாலையில் நிற்கும் நீரை வாங்கி வெளியே தள்ளுவதற்காக இருப்பவை. பள்ளத்தின் ஆழம் குறைந்தால், வேகமாகப் போகும்போது நீரை வெளியேற்ற முடியாமல் டயர் தண்ணீரின் மேலேயே மிதக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது, பிரேக்கை மிதித்தாலும் நிற்காது.

புதிய கார் டயரில் பள்ளத்தின் ஆழம் பெரும்பாலும் 7 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும். இது 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த டயர் சாலைக்கு லாயக்கில்லை. இதைத் தெரிந்துகொள்ள அளவுகோல் தேவையில்லை. பள்ளங்களுக்கு உள்ளேயே ஆங்காங்கே சிறிய மேடுகள் இருக்கும். டயரின் பக்கவாட்டில் சிறிய முக்கோணமோ, ‘டி.டபிள்யூ.ஐ.’ என்ற எழுத்துகளோ அந்த மேடு இருக்கும் இடத்தைக் காட்டும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், மாற்றியே ஆக வேண்டும்.

சீரற்ற தேய்மானத்தில் உள்ள ஆபத்து என்னவென்றால், இந்த அளவு டயர் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் 5 மில்லிமீட்டர் பள்ளம் தெரியும். காரின் அடிப்பக்கம் பார்த்திருக்கும் உள் ஓரத்திலோ ரப்பர் முழுவதும் போய், உள்ளே இருக்கும் இழையும் கம்பியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். தினமும் காரைத் துடைப்பவர் கண்ணில்கூட இது படாது. விடுமுறைக்குக் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது, வெயிலும் வேகமும் பாரமும் சேர்ந்து அந்த ஓரத்தைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

தேய்மானத்தைப் படிப்பது எப்படி?

காரைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்தால் முன் டயரின் உள் ஓரமும் தெரியும். பின் டயருக்கு மொபைல் கேமராவைக் கீழே நீட்டி ஒரு வீடியோ எடுத்தால் போதும். கம்பி வெளியே தெரிந்தால் மட்டும் அங்கே கை வைக்க வேண்டாம், குத்திக் கிழித்துவிடும். இப்போது கவனிக்க வேண்டியவை இவைதான்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால்: காற்று அதிகம். டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் சாலையில் உரசியிருக்கிறது. ‘காற்று கூட இருந்தால் மைலேஜ் கிடைக்கும்’ என்று நினைப்பவர்களின் கார்களில் இதைப் பார்க்கலாம். பிடிமானமும் குறையும், பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியும் அதிகம் இருக்கும்.

இரண்டு ஓரங்களும் தேய்ந்து, நடுப்பகுதி நன்றாக இருந்தால்: காற்று குறைவு. டயரின் நடுப்பகுதி தளர்ந்து, ஓரங்கள்தான் பாரத்தைத் தாங்கியிருக்கின்றன. இது டயர் சீக்கிரம் தேய்வதோடு நிற்காது. குறைந்த காற்றில் ஓடும் டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். அதில் உண்டாகும் சூடுதான் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

ஒரே ஓரம் மட்டும், வழவழவென்று தேய்ந்திருந்தால்: சக்கரம் நேராக நிற்காமல் சாய்ந்து நிற்கிறது. கேம்பர் கோணத்தில் பிரச்னை இருக்கலாம்.

ஒரே ஓரம் தேய்ந்து, தடவினால் ரம்பம் போல இருந்தால்: உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு திசையில் தடவினால் மென்மையாக இருக்கும், எதிர்த் திசையில் தடவினால் சொரசொரவென்று விளிம்பு தட்டும். இது டோ கோணம் தவறியதற்கான அடையாளம். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும் என்பதால், ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

டயரைச் சுற்றிலும் கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்திருந்தால்: ஷாக் அப்சார்பர் தளர்ந்து, சக்கரம் சாலையில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. பேலன்சிங் இல்லாமல் ஓடினாலும் இப்படி ஆகும். காருக்குள் ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓசை கேட்கும். பலர் இதைச் சக்கர பேரிங் சத்தம் என்று நினைத்து பேரிங்கை மாற்றிவிடுவார்கள். சத்தம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால்: திடீர் பிரேக்கில் சக்கரம் சுற்றாமல் நின்று, அந்த இடம் மட்டும் சாலையில் இழுபட்டிருக்கிறது.

முன்பக்க டயர்கள் பின்பக்கத்தைவிட வேகமாகத் தேய்ந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். நம் ஊர் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. இழுப்பதும் முன்சக்கரம், திருப்புவதும் முன்சக்கரம், பிரேக் பிடிக்கும்போது அதிக பாரத்தைத் தாங்குவதும் முன்சக்கரம். அது முதலில் தேய்வது நியாயம்தான். ஆனால் இடது, வலது இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேய வேண்டும்.

டோ, கேம்பர், காஸ்டர்: மூன்று கோணங்கள்

அலைன்மென்ட் கடையில் கம்ப்யூட்டர் திரையில் ஓடும் எண்களைப் பார்த்துத் தலை சுற்ற வேண்டியதில்லை. அடிப்படையில் மூன்றே கோணங்கள்தான்.

நின்றுகொண்டு உங்கள் பாதங்களைக் குனிந்து பாருங்கள். இரண்டு பெருவிரல்களும் ஒன்றையொன்று பார்த்தபடி உள்நோக்கித் திரும்பியிருந்தால் அது டோ-இன். வெளிநோக்கித் திரும்பியிருந்தால் டோ-அவுட். காரை மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் இப்படித்தான் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும். டோ-இன் அதிகமானால் டயரின் வெளி ஓரமும், டோ-அவுட் அதிகமானால் உள் ஓரமும் தேயும்.

காரை முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். மேல்பகுதி உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ் கேம்பர், வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ் கேம்பர். வளைவுகளில் பிடிமானம் வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர்களே பல கார்களில் சிறிதளவு நெகட்டிவ் கேம்பர் வைத்திருப்பார்கள். அந்த அளவைத் தாண்டினால் உள் ஓரம் தேயும்.

காஸ்டரைப் புரிந்துகொள்ள சைக்கிளைப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் செங்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்வாக இருக்கும். கையை எடுத்தாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு அந்தச் சாய்வும் உதவுகிறது. காரில் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேர் நிலைக்கு வருவதும் இதனால்தான். காஸ்டர் மாறினால் டயர் தேய்வதைவிட, கார் ஒரு பக்கம் இழுப்பதுதான் அதிகம் தெரியும்.

மூன்றிலும் டயரை வேகமாகத் தின்பது டோதான். ஒரு சிறிய கணக்குப் போட்டால் இது புரியும். ஒரு சக்கரம் நேர்க்கோட்டிலிருந்து கால் டிகிரி மட்டும் விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 14 அங்குல ரிம்மில், ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையே வரும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான். இரண்டு ஏ.டி.எம். கார்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் வரும் தடிமன். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆனால் கணக்குப்படி, அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போகப் பார்க்கிறது. கார் நேராகப் போவதால், அந்த 4 மீட்டரையும் டயர் உரசித்தான் கடக்க வேண்டும். 10,000 கிலோமீட்டர் ஓடினால், 40 கிலோமீட்டருக்கு மேல் அந்த டயரைக் குறுக்கே இழுத்துப் போன கணக்கு. ரப்பர் தாங்குமா?

அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு

இரண்டையும் ஒன்றாகவே செய்வதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்பது பற்றியது. பேலன்சிங் என்பது டயரும் ரிம்மும் சேர்ந்து சுற்றும்போது எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்பது பற்றியது. ரிம் ஓரத்தில் ஒட்டும் சிறிய உலோகத் துண்டுகள் பேலன்சிங்குக்கானவை.

80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கி, வேகம் குறைந்ததும் நின்றுவிட்டால் முதலில் பேலன்சிங்கைச் சந்தேகப்படுங்கள். நேரான சாலையில் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக இருந்தாலோ, கார் ஒரு பக்கமாக இழுத்தாலோ அலைன்மென்ட்டைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் கவனிக்க வேண்டியது பிரேக் டிஸ்க்கை.

கார் இழுக்கிறது என்றாலே அலைன்மென்ட் போய்விட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. மழைநீர் வடிவதற்காகச் சாலைகளின் ஓரம் சற்றுத் தாழ்வாக அமைக்கப்படும். நாம் இடதுபுறம் ஓட்டுவதால், ஸ்டீயரிங்கைத் தளர விட்டால் கார் மெல்ல இடதுபக்கம் நகர்வது இயல்பு. ஒரு டயரில் மட்டும் காற்று குறைந்திருந்தாலும் கார் அந்தப் பக்கம் இழுக்கும். ஒரு பக்க பிரேக் முழுவதும் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் இழுக்கும்.

டயரே காரணமாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. முன்பக்க டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பு இடதுபக்கம் இழுத்த கார் இப்போது வலதுபக்கம் இழுத்தால், பிரச்னை டயரில்தான். இழுக்கும் பக்கம் மாறவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். ஒரே திசையில் மட்டும் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

அலைன்மென்ட் கடைசி வேலை, முதல் வேலை அல்ல

சக்கரத்தைத் தாங்கிப் பிடித்திருப்பவை டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், வீல் பேரிங், ஷாக் அப்சார்பர் போன்ற பாகங்கள். இவற்றில் ஒன்று தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தால், கார் நிற்கும்போது ஓர் அளவும் ஓடும்போது வேறோர் அளவும் இருக்கும். அலைன்மென்ட் மெஷின், நிற்கும் காரைத்தான் அளக்கிறது. திரையில் எல்லாமே பச்சையாகக் காட்டும். கடையை விட்டு வெளியே வந்து முதல் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கியதும் சக்கரம் தன் பழைய கோணலுக்குப் போய்விடும். ஆடுகிற நாற்காலியை இழுத்து நேராக வைப்பது போன்ற வேலை இது. முதலில் காலை இறுக்க வேண்டும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்க்க வேண்டும். அடுத்து, காரைத் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். 9, 3 இருக்கும் இடங்களில் ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட். இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் இருக்கும் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது. தேய்ந்த பாகத்தை மாற்றிய பிறகு, கடைசியாகத்தான் அலைன்மென்ட்.

பெரிய பள்ளத்தில் சக்கரம் வேகமாக இறங்கினால், சாலை நடுவே இருக்கும் தடுப்பில் மோதினால், சஸ்பென்ஷன் அல்லது ஸ்டீயரிங் பாகம் ஏதாவது மாற்றினால், புது டயர் போட்டால், அலைன்மென்ட்டைச் சரிபார்த்துவிடுவது நல்லது. இவை எதுவும் நடக்காவிட்டாலும், காரோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் இடைவெளியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

‘என் கார் மாடலுக்கான அளவைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா?’ இதுதான் முதல் கேள்வி. ஒரே பெயரில் வரும் காருக்கே ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறலாம். மெஷினில் தவறான மாடலைத் தேர்ந்தெடுத்தால், மற்ற வேலையெல்லாம் சரியாக நடந்தும் முடிவு தவறாகிவிடும்.

இரண்டாவது, ‘முன், பின் ரிப்போர்ட் கொடுங்கள்.’ வேலைக்கு முன் இருந்த அளவும், முடித்த பின் இருக்கும் அளவும், தயாரிப்பாளர் அனுமதிக்கும் எல்லையும் ஒரே தாளில் அச்சாகி வரும். எண்கள் டிகிரியிலும் நிமிடத்திலும் இருக்கலாம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 15 நிமிடம் என்றால் கால் டிகிரி. இந்தத் தாள்களைப் பத்திரப்படுத்தி வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே சக்கரம் அதே திசையில் விலகுகிறது என்றால், அங்கே ஏதோ ஒரு பாகம் தளர்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது.

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். ‘கேம்பர் அவுட், சரி பண்ணணும்’ என்று சொன்னால், ‘எப்படிச் சரி செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். பல சிறிய கார்களில் கம்பெனியே மாற்ற வழி வைத்திருப்பது முன்சக்கரங்களின் டோவை மட்டும்தான். கேம்பரைத் திருகி மாற்றும் வசதி இருக்காது. பின்சக்கரங்கள் ஒரே அச்சில் பொருத்தப்பட்ட கார்களில் பின்பக்கமும் அப்படியே. அப்படிப்பட்ட கார்களில் கேம்பர் விலகினால், ஏதாவது ஒரு பாகம் வளைந்திருக்கிறது, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைத் தேடி மாற்றுவதே முறை.

சில கடைகளில் ஹைட்ராலிக் ஜாக்கியை வைத்து ஸ்ட்ரட்டையோ, அதைத் தாங்கும் இரும்பையோ நெம்பி வளைத்து எண்ணைப் பச்சைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். திரையில் கோணம் சரியாகிவிடும். ஆனால் வளைந்த பாகத்தை மறுபடியும் வளைத்து ஓட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. அந்த இரும்புதான் நெடுஞ்சாலையில் சக்கரத்தைத் தாங்கப் போகிறது. தயாரிப்பாளர் அனுமதித்த போல்ட் மூலம் சரிசெய்வது வேறு, நெம்புவது வேறு. பதில் திருப்தியாக இல்லையென்றால் டோவை மட்டும் சரிசெய்துகொண்டு, கேம்பருக்கு சர்வீஸ் சென்டரில் இன்னொரு கருத்துக் கேட்பது நல்லது.

கேமரா உதவியோடு பாதை விலகலை எச்சரிக்கும் வசதி உள்ள புதிய கார்களில், அலைன்மென்ட்டுக்குப் பிறகு ஸ்டீயரிங் சென்சாரையும் கேமராவையும் மறுபடி அளவீடு செய்ய வேண்டியிருக்கலாம். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்று: சின்ன விஷயம், பெரிய சேமிப்பு

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் காருக்கான காற்றழுத்தம் அதில் இருப்பதுதான். பல கார்களில் இரண்டு அளவுகள் கொடுத்திருப்பார்கள். ஒன்று வழக்கமான பயன்பாட்டுக்கு, மற்றொன்று ஆட்களும் லக்கேஜும் நிறைந்திருக்கும்போது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவு, அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்சம். அதைப் பார்த்துக் காற்றுப் பிடிக்கக் கூடாது.

டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது கார் குறைந்தது 3 மணி நேரம் நின்ற பிறகு அளப்பதுதான் சரி. நீண்ட பயணத்தின் நடுவே அளந்தால் சூட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் குறைந்த காற்றோடு நிற்கும். ஓட்டை எதுவும் இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். நைட்ரஜன் நிரப்பினால் பார்க்கவே வேண்டாம் என்பதும் சரியல்ல. சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். எதை நிரப்பினாலும் மாதம் ஒருமுறை அளக்க வேண்டும்.

இடம் மாற்றுங்கள், ஆயுள் கூடும்

ஏறக்குறைய 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன், பின் டயர்களை இடம் மாற்றிப் போட்டால் நான்கும் சேர்ந்து சீராகத் தேயும். அம்புக்குறி உள்ள டயர்களை அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மட்டுமே மாற்ற வேண்டும். ‘அவுட்சைடு’ என்று எழுதியிருக்கும் டயரில் அந்த எழுத்து வெளியே தெரிய வேண்டும். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடச் சிறியதாக இருந்தால், அது அவசரத்துக்கு மட்டும். சுழற்சியில் சேர்க்கக் கூடாது.

ஆனால் சீரற்ற தேய்மானம் தெரிந்த பிறகு காரணத்தைச் சரிசெய்யாமல் இடம் மட்டும் மாற்றினால், நான்கு டயர்களையும் முறை வைத்துக் கெடுப்பதாகத்தான் ஆகும்.

இரண்டு டயர்கள் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றை எங்கே போடுவது? முன்பக்கம் என்றுதான் பலரும் சொல்வார்கள். டயர் தயாரிப்பு நிறுவனங்கள் சொல்வது பின்பக்கம். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் கார் பம்பரம் போலச் சுற்றிவிடும், சாதாரண ஓட்டுநரால் மீட்பது கடினம்.

தேயாவிட்டாலும் டயருக்கு வயதாகும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2423 என்று இருந்தால் 2023-ம் ஆண்டின் 24-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். 5 ஆண்டுகளைத் தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது நிபுணரிடம் காட்டச் சொல்கிறது மிஷலின் நிறுவனம். தேயாமல் இருந்தாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் வேண்டாம் என்பதும் அதன் அறிவுரை.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

பெயின்ட்டைப் பளபளவென்று அடித்துவிடலாம். சீட் கவரை மாற்றிவிடலாம். டயரின் தேய்மானத்தை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது. பின்பக்கத்தில் ஒரு டயர் மட்டும் ஓரமாகத் தேய்ந்திருக்கிறதா? கார் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக இருக்கிறதா? அந்தக் கார் எங்காவது பலமாக மோதி, அச்சோ அடிச்சட்டமோ வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. நான்கு டயர்களும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தோஷப்பட்டுவிடாமல், பழைய டயர்கள் ஏன் மாற்றப்பட்டன என்று கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் சில நூறு ரூபாய் செலவழித்து ஓர் அலைன்மென்ட் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்துவிட்டால், பின்னால் வரப்போகும் பெரிய செலவு முன்பே தெரிந்துவிடும்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். பேட்டரியால் எடை அதிகம், மிதித்த உடனே முழு இழுவையும் சக்கரத்துக்கு வந்துவிடும். சிறிய கோணல்கூட அங்கே டயரைச் சீக்கிரம் தின்றுவிடும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, பத்தே நிமிடம்

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் நான்கு டயர்களிலும் ஸ்டெப்னியிலும் காற்றை அளந்துவிடுங்கள். கையடக்கக் காற்றழுத்தக் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பள்ளங்களில் சிக்கியிருக்கும் கற்களை எடுத்துவிட்டு, ஆணி ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி உள் ஓரத்தைப் பாருங்கள். உள்ளங்கையால் குறுக்கே இரு திசையிலும் தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் வீக்கமோ வெடிப்போ இருந்தால் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். டயர் பக்கம் பக்கமாக மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்தால், அடுத்த மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி.

அப்படியும் டயர் மாற்றும் நாள் ஒருநாள் வரும். கழற்றிய பழைய டயர்களை உடனே கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். எது எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி, நான்கையும் வரிசையாக வைத்து மெக்கானிக்கிடம் காட்டி, ‘இது ஏன் இப்படித் தேய்ந்திருக்கிறது?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு புது டயரைப் பூட்டச் சொல்லுங்கள்.